வண்டிக்காரனுக்கு ஒரு முழுப் பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு வழக்கம்போல முதுகு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர்ப்பட்ட ஆட்களைக் கொன்று குவித்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

ஒற்றைக்காதன் மறுபடி பிறந்துவிட்டான். வேல் காலத்தில் ஒரு நாவல், வில் காலத்தில் ஒரு நாவல், இப்போது பீரங்கிக் காலம். எந்த யுகத்தில் பிறந்தாலும் ஒரு காது இருக்காது, எந்தப் போரிலும் சாகவும் மாட்டான். அடுத்த வாரத்திலிருந்து பத்திரிகையில் தொடராக வருகிறது. ஆசிரியர் கத்தரியைத்தான் உனக்குத் தெரியுமே. வெட்டி வெட்டியே அந்தப் பெயர் வாங்கிய மனுஷன். "எத்தன பேர் வேணா சாகட்டும்யா, பக்கம் மட்டும் கூடக் கூடாது" என்று இப்போதே மிரட்டுகிறார்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். உன் அருமை மகன், என் மருமகன் ஹாரன், எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான். சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகச் சுழற்றி, வாயாலேயே ஹாரன் அடித்து வீட்டை ரெண்டு பண்ணிய பயல் இன்று பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். அந்தத் திமிரில் என்ன எழுதியிருக்கிறான் பார்: "மாமா, உங்க நாவல்ல சண்டை போடுறவனுக்கு மட்டும்தான் பேரு. அவனுக்குச் சோறு யாரு கொண்டுவர்றா, குண்டு யாரு கொண்டுவர்றா? எங்கள மாதிரி வண்டிக்காரன எல்லாம் அரை வரியில கொன்னுட்டுப் போயிடுறீங்க. இந்தத் தடவ என்னையும் போடுங்க. சாகடிச்சாலும் பரவாயில்ல, ஆனா ஒரு முழுப் பக்கம் வேணும். அரைப் பக்கத்துக்கெல்லாம் நான் சாக மாட்டேன்."

எப்படி இருக்கிறது கதை? வெடிமருந்து வண்டி ஓட்டுகிறவனாக அவனைப் போட்டுவிட்டேன். அவன் எழுதிய இன்னொரு விஷயத்தையும் திருடிக்கொண்டேன். அங்கே ஆற்றின் மேல் தற்காலிகப் பாலம் ஒன்று இருக்கிறதாம். ஒரு சமயத்தில் ஒரு லாரிதான் போகலாம். பக்கத்தில் இருப்பவர் முனையிலேயே இறங்கிப் பின்னால் நடந்து வர வேண்டும், ஓட்டுகிறவன் மட்டும் தனியாகப் போக வேண்டும். "அந்தப் பாலத்துல மட்டும் போரடிக்கும் மாமா, பேச ஆளில்ல. அதனால வாயாலயே ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போவேன்" என்கிறான். என் வண்டிக்காரனும் மாடுகளை அப்படியே ஹாரன் அடித்துத்தான் ஓட்டுவான். பீரங்கிக் காலத்தில் ஹாரன் ஏது என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்!

முதல் இரண்டு அத்தியாயம் இத்துடன். எப்போதும்போல முதலில் நீ படி.

இப்படிக்கு,
காகிதத்தில் மட்டும் வாள் சுழற்றும் உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். அத்தானுக்கு பஸ் பணிமனையில் இரவு வேலை மாறி பகல் வேலை வந்திருக்கிறது. இப்போதெல்லாம் வீட்டில் குறட்டைச் சத்தம் சரியான நேரத்துக்குக் கேட்கிறது.

கண்ணாடிக் கடையில் நேற்று ஒரு பெரியவர் வந்தார். போன வாரம்தான் அவருக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தேன். "புதுக் கண்ணாடியில பொண்டாட்டி ரொம்பத் தெளிவாத் தெரியுறாம்மா, பழசையே குடுத்துடு" என்றார். முதலாளி சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த திருகாணியெல்லாம் கொட்டிவிட்டது. எல்லாவற்றையும் பொறுக்கியது யார்? நான்தான்.

உன் அத்தியாயங்களைப் படித்தேன். ஒற்றைக்காதனின் அலட்டல் தாங்கவில்லை. வண்டிக்காரன் தங்கம். பாவம், அவனைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிடு.

உனக்கு நினைவிருக்கிறதா, சோடா மூடிகளை வரிசையாக நிறுத்தி நீ போர் நடத்துவாயே? நான் அதில் டப்பாக்காரி. விழுந்த மூடியை நீ அள்ளி டப்பாவில் கொட்ட வருவாய், நான் விட மாட்டேன். "இவன் எப்படி விழுந்தான், பக்கத்துல யாரு இருந்தா, சொல்லு. அப்பதான் உள்ளே போடுவேன்" என்று மூடியைக் கையில் இறுக்கிக்கொண்டு அழுவேன். நீயும் ஏதாவது ஒரு கதை கட்டுவாய். நீ எழுத்தாளன் ஆனதே என் தொல்லை தாங்காமல்தான், போ.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ நாவல் எழுதி எழுதித்தான் என் பையன் பட்டாளத்துக்குப் போனான் என்று சித்தி யாரிடமோ சொன்னாளாம். அப்படியெல்லாம் இல்லை. "அம்மா, பத்து சக்கரம் அம்மா" என்று கண்ணை விரித்துக்கொண்டு போனான். அவனுக்கு லாரிதான் வேண்டும். உன் போரெல்லாம் அவனுக்குச் சிரிப்பு.

இப்படிக்கு,
டப்பாக்காரி அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூட நேரமில்லை. ஆற்று அத்தியாயத்தை முடித்துவிட்டேன்! இதுவரை நான் எழுதியதிலேயே இதுதான் உச்சம். கையெழுத்துப் பிரதியின் நகலை அனுப்புகிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு படி.

வண்டி பாலத்தில் ஏறுகிறது. வண்டியில் கூட வந்த ஒற்றைக்காதன், படைக் கட்டளைப்படி இறங்கிப் பின்னால் நடக்கிறான். எதிரி பீரங்கி முழங்குகிறது. அவன் ஆற்றில் குதிக்கிறான், மிதக்கிற மருந்துப் பீப்பாயைப் பிடிக்கிறான், நனையாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நீந்துகிறான். எட்டுப் பக்கம். கத்தரியே, "பிச்சுட்டய்யா" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

வண்டிக்காரன் விஷயத்தில் மட்டும் சொதப்பிவிட்டேன். முழுப் பக்கம் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஒற்றைக்காதன் குதித்ததும் பேனா அவன் பின்னாலேயே போய்விட்டது. கடைசியில், "பாலம் முறிந்தது, வண்டிக்காரன் ஆற்றோடு போனான், ஒற்றைக்காதனோ" என்று அரை வரியில் முடிந்துவிட்டது. ஹாரன் லீவில் வரும்போது என்னை உதைக்கப் போகிறான். அவனிடம் முன்கூட்டியே போட்டுக்கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உச்சத்தில் இருக்கும் தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

அத்தியாயம் வந்தது. படித்தேன். பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

சில சந்தேகம் கேட்க வேண்டும். அந்த வண்டிக்காரன் ஆற்றோடு போனான் என்று எழுதியிருக்கிறாய். அவனை யாராவது தேடினார்களா? அந்தக் காலத்தில் எவ்வளவு நாள் தேடுவார்கள்? கரையோரமாக எவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பார்கள்? ஆள் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வார்கள், என்னவென்று சொல்வார்கள்?

இன்னும் அச்சாகவில்லை என்றால் ஒன்று செய்வாயா தம்பி? அவன் நீந்தி வந்துவிட்டதாக மாற்றிவிடு. எங்கேயாவது கீழே ஒரு மேட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கட்டும். ஒரு வரி போதும்.

அத்தான் சௌக்கியம். தபால்காரர் வருவதற்கு முன்பே வாசலில் போய் நின்றுகொள்கிறார்.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரு மாதம் கழித்து வந்தாலும் கேள்விக் கணையோடு வந்திருக்கிறாய், சபாஷ். வாசகி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உன் சந்தேகங்களுக்குப் பதில். நான் படித்தவரை, வண்டிக்காரர்களை எந்தப் படையும் கணக்கிலேயே வைக்கவில்லை. குதிரை செத்தால் எழுதி வைப்பார்கள், வண்டிக்காரன் செத்தால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். தேடுவதா? போர் நடக்கிறபோது யார் தேடுவார்கள் அக்கா? வீட்டுக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். படை திரும்பும்போது ஊர் முனையில் நின்று பார்ப்பார்கள், வருகிறவர்களில் அவன் இல்லை என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இதை வைத்தே இன்னொரு நாவல் எழுதலாம் போலிருக்கிறது!

மாற்றுவதற்கு வழியில்லை. அத்தியாயம் அச்சாகிக் கடைக்கே வந்துவிட்டது. மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. எல்லோரும் ஒற்றைக்காதனைப் பற்றித்தான். வண்டிக்காரனைக் கேட்ட ஒரே ஆள் நீதான்.

அத்தானுக்கு என்ன, ஏதாவது பரிசுச் சீட்டு வாங்கியிருக்கிறாரா, தபால்காரரை அப்படித் துரத்துகிறார்? ஹாரனும் என் இரண்டு கடிதத்துக்குப் பதில் போடவில்லை. காதல் கீதல் என்று ஏதாவது கிளம்பிவிட்டதா? விசாரித்து எழுது.

இப்படிக்கு,
தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

நலமாக இரு.

கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதிலும் வலது லென்ஸை இடதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை. முதலாளி, "நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்று அவரே கழற்றி மாட்டினார். திட்டியிருக்கலாம். அவர் அத்தனை மெதுவாகப் பேசியதுதான் பொறுக்கவில்லை.

அத்தான் பேசுவதில்லை. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், வாசலில் நிற்கிறார்.

உன் நாவலில் இன்னொன்று கேட்க வேண்டும். பாலத்தில் ஏறும்போது ஒற்றைக்காதன் ஏன் இறங்கினான்? கட்டளை என்று எழுதியிருக்கிறாய். எத்தனை அத்தியாயத்தில் அவன் கட்டளையை மீறியிருக்கிறான்! ராஜாவையே எதிர்த்துப் பேசுகிறான். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் அவ்வளவு நல்ல பிள்ளையாக இறங்கினான்? கூட உட்கார்ந்திருந்தால் என்ன?

அக்கா


மே 9

அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தையும் எடுத்து வைத்துப் படித்தேன். நான் எழுதிய பதிலும் நினைவுக்கு வந்தது.

ஹாரன் எங்கே?

தம்பி


மே 15

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டுவிட்டாய். நல்லது. நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் தபால்காரர் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்று உன் ஆற்று அத்தியாயம், இன்னொன்று தந்தி. தந்தியைப் பிரிக்கப் பயந்து உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன். நின்றபடியே அந்த அரை வரி வரை படித்தேன். பிறகு தந்தியைப் பிரித்தேன். லாரியோடு காணவில்லை, தேடுகிறோம் என்று இருந்தது.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் நடந்துவிடும் என்று பயம். காணவில்லை என்றால் எங்கேயோ இருக்கிறான் என்றும் ஆகுமே. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் லென்ஸ் தேய்த்தேன்.

உனக்குப் போன கடிதத்தை எழுதி நாலைந்து நாளில் அவனுடைய பெட்டியோடு ஒரு பையன் வந்தான். லாரியில் அவன் பக்கத்தில் இருப்பவன். வெள்ளத்தில் பாலம் போய்விட்டது, ஆறு போகிற பக்கமாக வெகு தூரம் தள்ளிக் கிடைத்தான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொன்னான். சொல்லிவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ரூல் அம்மா. நான் இறங்கித்தான் ஆகணும். இறங்கிட்டேன். பாதிப் பாலம் வரைக்கும் அவன் வாயால ஹாரன் அடிக்கிறது கேட்டுச்சு. அப்புறம் கேக்கல" என்றான். சாப்பிடவே மாட்டேன் என்றான். நான் அதட்டிச் சாப்பிட வைத்தேன். அவனையும் ஒருத்தி பெற்றிருக்கிறாளே.

பெட்டியில் ஒரு சட்டை அவனுடையது இல்லை. கழுத்து அளவு பெரிது. திருப்பி அனுப்பலாம் என்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது? துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

நீ உன்னையே நொந்துகொள்வாய், எனக்குத் தெரியும். வேண்டாம். லாரிக்காகப் போனான், லாரியில் இருந்தான். உன் நாவல் அவனைக் கூப்பிடவும் இல்லை, கொல்லவும் இல்லை.

ஆனால் நீ எனக்கு ஒரு பக்கம் கடன்பட்டிருக்கிறாய் தம்பி. அவன் கேட்டானே, ஒரு முழுப் பக்கம். அவன் தனியாகப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. செத்ததை விடவும் அதுதான். என்ன சொன்னான், யாரைக் கூப்பிட்டான், கையை எதில் பிடித்தான், ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கடையிலிருந்து வரும் வழியில் ஒரு சோடா மூடி கிடந்தது, எடுத்து வந்தேன். கையிலேயே வைத்திருக்கிறேன். எப்படி விழுந்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று சொல். பொய்யாகத்தான் சொல்லேன். சின்ன வயதில் நீ சொன்னதெல்லாம் மட்டும் நிஜமா?

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அங்கே வந்து உன் வீட்டில் இருந்த நாட்களில் நீயும் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அத்தானோடு வாசலில் போய் நின்றேன். தபால்காரர் எங்களைப் பார்த்ததும் தெருவைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போனார்.

திரும்பி வந்ததிலிருந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வேல் காலத்திலிருந்து இன்று வரை எத்தனை பேரை அரை வரியில் அனுப்பியிருக்கிறேன்! இந்த ஒருவனுக்கு வார்த்தை வரவில்லை. கிழித்துக் கிழித்துக் கடைசியில் வந்தது இது. நாவல் புத்தகமாக வருகிறது. ஆற்று அத்தியாயத்தில் இந்தப் பக்கம் இருக்கும்.

"பாலத்தின் முனையில் வண்டி நின்றது. 'இறங்கு அண்ணே. கட்டளை அது' என்றான் வண்டிக்காரன்.

ஒற்றைக்காதன் இறங்கவில்லை. 'கட்டளையை இந்தப் பக்கமாகச் சொன்னார்கள். இந்தப் பக்கம் எனக்குக் காது கிடையாது' என்று சொல்லி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

வண்டிக்காரன் சிரித்தான். மாடுகள் நடந்தன. வாயைக் குவித்து அவன் சத்தம் எழுப்ப, ஒற்றைக்காதனும் தன் கரகரத்த குரலில் கூடச் சேர்ந்துகொண்டான். கீழே ஆறு சீறிக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது கேட்கவில்லை.

பாலம் முறிந்தபோது ஒற்றைக்காதன் பீப்பாயைப் பிடிக்கவில்லை. வண்டிக்காரனின் மணிக்கட்டைப் பிடித்தான். எத்தனையோ முறை தண்ணீர் இருவரையும் பிரிக்கப் பார்த்தது. கையை அவன் விடவில்லை. வெகு தூரம் தள்ளி ஒரு மணல் மேட்டில் ஒதுங்கினார்கள். வண்டிக்காரனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

'மாடு?' என்றான் வண்டிக்காரன்.

'ரெண்டும் கரை ஏறிவிட்டன.'

'வீட்டுக்கு யார் சொல்வார்கள்?'

'நானே போய்ச் சொல்கிறேன். உன் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்கிறேன்.'

'அழுவாள்.'

'அழட்டும். நான் எழுந்து வந்துவிட மாட்டேன்.'

வண்டிக்காரன் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டான். வலிக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்று தலையசைத்தான். அந்தப் பிடி தளர்ந்த பிறகும் ஒற்றைக்காதன் கையை எடுக்கவில்லை. தூரத்தில் பீரங்கிகள் முழங்கின. அன்றைய போருக்கு அவன் போகவில்லை. யார் வென்றார்கள் என்று அவன் பிறகும் விசாரித்ததில்லை."

கத்தரியிடம் கொடுத்தேன். "ஹீரோ சண்டைக்கே போகலன்னா எப்படிய்யா?" என்றுதான் ஆரம்பித்தார். முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த எட்டுப் பக்க நீச்சல தூக்கிடுறேன். இதுல கை வைக்க மாட்டேன்" என்றார்.

போதுமா அக்கா? போதாது என்று எனக்கே தெரியும்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

நாங்கள் இருக்கிறோம். உன் முதுகைப் பார்த்துக்கொள்.

பக்கம் வந்தது. எனக்குள் படித்தேன், பிறகு அத்தானுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். சத்தம் எழுப்பும் இடம் வந்ததும், "அத மறுபடி படி" என்றார். படித்தேன். அவராகவே வாயைக் குவித்து, மெதுவாக ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிப்ரவரியிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார்.

ஒரே ஒரு திருத்தம். என் பையன் முதலில் மாட்டைக் கேட்டிருக்க மாட்டான். "வண்டிக்குக் கீறல் ஏதாவது விழுந்துச்சா?" என்றுதான் கேட்டிருப்பான். அதை மட்டும் மாற்றிவிடு. விழவில்லை என்று ஒற்றைக்காதன் சொல்லட்டும்.

பெட்டி கொண்டுவந்த அந்தப் பையனுக்கும் இந்தப் பக்கத்தைப் படியெடுத்து அனுப்பலாம் என்று பார்த்தேன். ஒற்றைக்காதன் இறங்கவில்லை என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அவனுக்கு அது வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், லீவில் வீட்டுக்கு வந்து போ என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

கடையில் லென்ஸ் வரும் தகர டப்பா ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். இன்று காலை அந்த மூடியை அதற்குள் போட்டேன். பெரிய டப்பா, ஒரே மூடி. பார்க்கச் சகிக்கவில்லை. தெருவில் இறங்கித் தேடி, ஓரம் நசுங்கிய மூடி ஒன்றை எடுத்து வந்து அவன் பக்கத்தில் போட்டேன். பிறகுதான் டப்பாவை மூடினேன்.

இப்படிக்கு,
அக்கா